பள்ளிக்குப் படியளந்த வரலாறு

சென்ற ஆண்டு விழாவில் மாணவர்க்குப் பரிசளிப்பு முடிந்து கூட்டம் கலைந்த வேளையில், நம் காலனித் தாயார் ஒருவர் எம்மிடம் ஒரு வினா எழுப்பினார். "ஏனுங்க அண்ணா, எங்கள் பிள்ளை படிப்பது மானேஜர் பள்ளிக்கூடம். ஆனால் டீச்சருக்குச் சர்க்கார் சம்பளம் என்கிறார்கள். அப்படியானால் பள்ளிக்கூடம் யாருடையது? தமிழ் வகுப்பை எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபடுகிறதே, எடுப்பவர் மானேஜரா, சர்க்காரா?" என்று கேட்டார்.

அவ்வேளையில் தக்க விடை கூற எமக்கு இயலவில்லை. பத்தாம் வகுப்பு வரையே பயின்று, இருபதாண்டுகளுக்கு மேலாக இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றி வருபவர் யாம். வரவு செலவு எழுதிய தாளைப் புரட்டிப் பார்த்து, எந்தக் காசு எந்தக் கையிலிருந்து வந்தது என்று அறியும் பழக்கம் மட்டும் எமக்கு உண்டு. மலர்க் குழுவினர் இவ்வாண்டு ஒரு கட்டுரை வேண்டுமென்று பணித்தபோது, அத்தாயார் கேட்ட வினாவையே பொருளாகக் கொண்டோம். பள்ளிக்கூடத்தின் கதையை அதன் சம்பளப் பட்டியின் வழியாகச் சொல்லிப் பார்ப்போம்.

முதலமடை இன்று சித்தூர் தாலுகாவைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன்னர் நிலைமை வேறு. கொல்லங்கோடும் அதனையடுத்த நம் ஊர்ப்புறமும் சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில், பாலக்காடு தாலுகாவில் அடங்கியிருந்தன. வடக்கே சித்தூரோ கொச்சி மகாராஜாவின் ஆட்சிக்கு உட்பட்டது. தெற்கே மலைமேல் பறம்பிக்குளம் காடும் கொச்சிக்குரியது. கிழக்கே கோவிந்தாபுரம் கடந்தால் கோயம்புத்தூர் ஜில்லா, பொள்ளாச்சி தாலுகா. காலையில் கட்டுச்சோற்றுடன் புறப்பட்டவன் மாலைக்குள் இரண்டு அரசுகளையும் மூன்று ஜில்லா நிர்வாகங்களையும் கண்டுவிடலாம். 1932இல் பாலக்காடு பொள்ளாச்சி இருப்புப்பாதை வந்தபின் அதற்குக் கால்வலியும் இல்லாது போயிற்று. ஆனால் ஒவ்வொரு நிர்வாகத்திலும் பள்ளிக்கூடத்துக்குப் பணம் வரும் வழி வெவ்வேறாக இருந்தது.

அரசு பள்ளிக்குப் பணம் தருவது என்பதே பழைய வழக்கமன்று. தமிழ்நாட்டில் திண்ணைப் பள்ளி, மலையாள நாட்டில் எழுத்துப் பள்ளி. இங்கு எழுத்தச்சன், அங்கு கணக்காயர் அல்லது வாத்தியார். இருவருக்கும் படியளந்தது ஊர். அறுவடையில் நெல், பண்டிகைக்குத் துணி, பிள்ளை ஏடு தொடங்கும் நாளில் தட்சிணை. இவையே சம்பளம். சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் ஜில்லாதோறும் கணக்கெடுக்கச் செய்தார். மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 பிள்ளைகளும் இருந்ததாக 1826இல் அவர் தம் குறிப்பில் எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை அரசின் காசு காணாத பள்ளிகள்.

திருவிதாங்கூரில் இதற்கு முன்பே ஓர் அறிவிப்பு வெளிவந்திருந்தது. 1817இல் அரசி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். அந்நாளில் அங்கே ரெசிடெண்டாக இருந்தவர் ஜான் மன்றோ. இரண்டு மன்றோக்களையும் ஒருவரென்று மயங்குவோர் உளர், இருவரும் வேறு. ஆணை பிறந்த உடனே எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி வாயில் திறந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் உள்ளே நுழைவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டுக்கு அருகில் போராட வேண்டியிருந்தது. ஆயினும் செலவு அரசினுடையது என்னும் கொள்கை ஏட்டில் ஏறிவிட்டது.

நம் மலபார் அவ்வாறு தொடங்கவில்லை. 1854இல் சார்லஸ் உட் இலண்டனிலிருந்து அனுப்பிய கல்விக் கடிதம், தனியார் பள்ளி நடத்தட்டும், அரசு உதவித்தொகை தரட்டும் என்று வழிவகுத்தது. இதுவே மானிய முறை. 1860களுக்குப் பின் சென்னை மாகாணத்தில் இம்மானியம் தேர்வின் பலனைக் கொண்டு அளக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளை வாசித்தால் இவ்வளவு, எழுதினால் இவ்வளவு, கணக்குப் போட்டால் இவ்வளவு என்று தொகை கூட்டப்படும். பிள்ளை அன்று காய்ச்சலில் படுத்துவிட்டால் ஆசிரியர் வீட்டு உலையிலும் அன்று அரிசி குறையும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை கைவிடப்பட்டது. கைவிட்டது நன்றே.

1920இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதன்படி உள்ளாட்சி மன்றங்கள் கல்வி வரி விதிக்கலாம். வரியாகத் திரண்ட தொகைக்கு ஈடாக அரசும் தன் பங்கைச் சேர்க்கும். மலபார் ஜில்லா போர்டு தானே நடத்திய பள்ளிகள் 'போர்டு ஸ்கூல்' எனப்பட்டன. அவற்றினும் மிகுதியாகத் தனியார் மானேஜர்கள் நடத்திய உதவி பெறும் பள்ளிகள் பெருகின. கூரை வேய்ந்த கொட்டகை, நான்கு பெஞ்சு, இரண்டு ஆசிரியர். மானேஜர் சிலர் உண்மையான கல்விப் பற்றால் தம் நிலத்தில் பள்ளி எழுப்பியவர்கள். வேறு சிலருக்கு அது வருவாய் தரும் தோப்பைப் போன்றது.

ஏன் அவ்வாறு கூறுகின்றோம் எனில், மானியம் ஆசிரியர் கைக்கு வரவில்லை; மானேஜர் கைக்கு வந்தது. அவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். பட்டியில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வேறொரு தொகை என்பது மலபார் ஆசிரியர்கள் பலமுறை முறையிட்ட குறை. முறையிட்டவருக்கு வேலை போகும். காரணம் காட்ட வேண்டியதில்லை. 1930களிலும் 1940களிலும் மலபார் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் சங்கம் கூட்டிப் போராடியதற்கு இதுவே வேர்.

எம் தந்தையார் இரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர். அவர் காலத்தில் சம்பளக் காசாளர் இரும்புப் பெட்டியுடன் வண்டியில் வந்து இறங்குவார். ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்து, பெருவிரல் ரேகை பெற்று, எண்ணிக் கொடுப்பார். இடையில் மேஸ்திரி கையிட இடமில்லை. பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்காத அந்த ஒரு வசதி கேங்மேனுக்கு இருந்தது என்பதை அவர் வேடிக்கையாகச் சொல்லுவார். 'வாத்தியாருக்கு வண்டி வரவில்லை' என்பார்.

அந்த வண்டி வந்தது 1957க்குப் பின்னர். அதற்கு முன்னரே சில முயற்சிகள் நடந்தன. திருவிதாங்கூர் கொச்சியில் பனம்பிள்ளி கோவிந்த மேனன் 1951இல் ஒரு திட்டம் கொணர்ந்தார். தனியார் உயர்நிலைப் பள்ளிகள் திரட்டும் கட்டணத்தின் பெரும்பங்கை அரசிடம் செலுத்த வேண்டும். ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும். மலபாரில் 1954 தேர்தலுக்குப் பின் ஜில்லா போர்டின் தலைவராக வந்த பி. டி. பாஸ்கரப் பணிக்கர் தாமே ஆசிரியராக இருந்தவர். அவர் காலத்தில் போர்டு பல புதிய பள்ளிகளைத் திறந்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது மலபாரும், கொச்சியும், திருவிதாங்கூரின் பெரும்பகுதியும் ஒரே கேரளமாயின. மூன்று வகைச் சம்பளப் பட்டிகள் ஒரே கருவூலத்தின் முன் வந்து நின்றன.

புதிய மாநிலத்தின் முதல் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்தவர் ஜோசப் முண்டசேரி. அவரும் ஆசிரியரே, தனியார் கல்லூரி ஒன்றில் பணிசெய்தவர். 1957 ஜூலையில் அவர் கல்வி மசோதாவைச் சட்டசபையில் கொணர்ந்தார். அதன் உயிர்நிலை இரண்டு. உதவி பெறும் பள்ளி ஆசிரியர்க்கு அரசே நேரடியாகவோ தலைமையாசிரியர் வாயிலாகவோ சம்பளம் அளிக்கும் என்பது ஒன்று. ஆசிரியரைத் தேர்வு செய்வதற்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் பட்டியல் தரும், அதிலிருந்தே மானேஜர் நியமிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றோடு, முறைகேடாக நடக்கும் பள்ளியை அரசு மேற்கொள்ளலாம் என்ற விதிகளும் இருந்தன.

முதலாவதை எதிர்ப்போர் குறைவு. இரண்டாவதும் மூன்றாவதும் நாட்டையே கலக்கின. குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் மசோதாவைக் கையெழுத்திடாமல் உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் தலைமையில் அமைந்த ஆயம் 1958 மே 22ஆம் நாள் கருத்துரைத்தது. பணம் தரும் அரசு நியாயமான நிபந்தனை விதிக்கலாம். ஆனால் சிறுபான்மையோர் தம் பள்ளியை நிருவகிக்க அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு வழங்கிய உரிமையை அந்நிபந்தனையால் விழுங்கிவிடக் கூடாது என்பது அதன் சாரம். மொழிச் சிறுபான்மையோராகிய நாமும் அப்பிரிவுக்குள் அடங்குவோம் என்பதைக் காலனியில் பலர் அறியார்.

மசோதா திருத்தப்பட்டு 1959 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்று, அவ்வாண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டே மாதத்தில், ஜூலை 31இல், அவ்வமைச்சரவை கலைக்கப்பட்டது. அடுத்து வந்த அரசு 1960இல் தேர்வாணையப் பட்டியல் விதியை நீக்கியது. நியமன உரிமை மானேஜரிடமே திரும்பியது. சம்பளமோ கருவூலத்திலேயே நின்றது. அதை மாற்ற எந்த அரசும் முனையவில்லை. இன்றும் கேரளத்தில் உதவி பெறும் பள்ளிகள் ஏழாயிரத்துக்கு மேல். அரசுப் பள்ளிகள் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல். நியமிப்பவர் ஒருவர், சம்பளம் தருபவர் மற்றொருவர் என்னும் இவ்வமைப்பு விசித்திரமானதுதான். ஆசிரியர் வேலைக்குக் கைமாறும் தொகையைப் பற்றி ஊரில் பேசிக்கொள்வதை யாம் இங்கு எழுதப் போவதில்லை.

எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சியில் என்ன நிகழ்ந்தது? அதே காலத்தில் காமராசர் ஆட்சி. 1956இல் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊரூராக நடந்தன. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவற்றை முன்னின்று நடத்தினார். கட்டடமும் நிலமும் கரும்பலகையும் சுவர்க்கடிகாரமும் ஊர்மக்களே தந்தார்கள். அங்கே அரசு ஊரின் நன்கொடையைக் கூட்டிச் சேர்த்தது. இங்கே அரசு மானேஜரின் கையிலிருந்த சம்பளப் பட்டியைத் தன் கைக்கு மாற்றியது. பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்க உணவு வேண்டும் என்று முதலில் கண்டவர் அவர்கள். ஆசிரியருக்கு அச்சமின்றி நிற்க இடம் வேண்டும் என்று கண்டவர் இவர்கள். தமிழ்நாட்டிலும் பஞ்சாயத்து ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981இல் அரசு ஊழியராக ஆக்கப்பட்டனர்.

இனி, இன்றைய ஓட்டத்தைச் சுருங்கக் கூறுவோம். சம்பளம் மாநில பட்ஜெட்டிலிருந்து வருகிறது; கல்விச் செலவில் பெரும்பங்கு அதுவே. முதலமடைத் தொடக்கப் பள்ளிகளின் கணக்கைப் பார்ப்பவர் கொல்லங்கோடு உபஜில்லாக் கல்வி அதிகாரி. 1995 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளின் கட்டடமும் பராமரிப்பும் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு. உயர்நிலைப் பள்ளிகள் ஜில்லாப் பஞ்சாயத்தின் பொறுப்பு. 2016க்குப் பின் பெரிய கட்டடங்களுக்குக் 'கிஃப்பி' எனச் சுருக்கமாக வழங்கும் முதலீட்டு நிதி வாரியம் கடன் திரட்டித் தந்தது. தொகுதிக்கு ஒரு பள்ளி வீதம் 5 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நாம் கட்டும் மோட்டார் வாகன வரியின் ஒரு பங்கும் பெட்ரோல் மீதான தீர்வையும் அக்கடனை அடைக்கப் போகின்றன. உதவி பெறும் பள்ளியின் கூரை மட்டும் இன்றும் மானேஜருடையது. அரசு தரும் பராமரிப்பு மானியம் ஓடு மாற்றக்கூடப் போதாது என்று மானேஜர்கள் கூறுவர். எமக்குத் தெரிந்த கூரைகளைப் பார்க்கையில் அதனை மறுப்பதற்கில்லை.

தில்லியின் பங்கும் உண்டு. அரசியலமைப்பின்படி கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இல் 42ஆவது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. 2001 முதல் சர்வ சிக்ஷா அபியான், 2018 முதல் சமக்ர சிக்ஷா. இப்போது மத்திய அரசு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் இடவேண்டும். 'பி.எம். ஸ்ரீ' ஒப்பந்தத்தை முன்னிட்டு 2024 முதல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இத்தொகை தடைபட்டது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது; கேரளம் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டு, அம்மாதமே நிறுத்திவைக்க முடிவு செய்தது. இவ்வழக்கின் நியாயங்கள் அரசியலாருக்கு உரியவை. ஆனால் மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இத்தொகையிலிருந்தே ஊதியம் பெறுகின்றனர் என்பதை மட்டும் குறித்துவைப்போம்.

இனி அத்தாயார் கேட்ட இரண்டாவது வினா. தமிழ் வகுப்பை எடுப்பது யார்?

எடுப்பது எண்ணிக்கை. கேரளக் கல்வி விதிகளின்படி ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் இடம் என்பது, ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து ஆறாவது வேலை நாளில் பதிவேட்டில் உள்ள பிள்ளைகளைக் கொண்டு முடிவு செய்யப்படும். அன்று ஏட்டில் நின்ற எண்ணிக்கையே அவ்வாண்டு முழுமைக்கும் சம்பளத்தைத் தீர்மானிக்கும். எமது அலுவலகத்தில் இன்ன தேதி இரவு 12 மணிக்குக் கணக்கை மூடு என்பார்களே, அது போன்றது. ஜூலையில் வந்து சேரும் பிள்ளைக்குப் பாடம் உண்டு. அப்பிள்ளையைக் காட்டி ஆசிரியர் இடம் கேட்க இயலாது.

தமிழ் வழிப் பிரிவுக்கு ஒரு தனிப் பாதுகாப்பும் உண்டு. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு முடிவு செய்தார்கள். ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ பள்ளி முழுவதிலும் நாற்பது பிள்ளைகளோ வேறு தாய்மொழி பேசுவோராக இருப்பின், தொடக்க நிலையில் அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் வேண்டும் என்பது அது. 1956இல் அரசியலமைப்பில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்து தரும் கடமை மாநிலத்தின் மேல் வைக்கப்பட்டது. எல்லை பிரித்த அதே ஆண்டு! எல்லைக்கு இப்பால் தங்கிவிட்டவர்களுக்கென எழுதப்பட்ட பிரிவு அது. சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கி ஜில்லாவின் மூணாறு, பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் தமிழ் வழிப் பள்ளிகள் நிலைத்திருப்பதற்கு இவை துணை.

ஆனால் பத்து என்றால் பத்துத்தான். எமக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், நம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் தமிழ்ப் பிரிவின் முதல் வகுப்பில் ஆறாம் நாள் நின்ற எண்ணிக்கை எட்டு. வரவேண்டிய பிள்ளைகள் இல்லாமல் இல்லை. முதலமடை மாந்தோப்புகளில் அறுவடை ஆண்டின் தொடக்கத்திலேயே பிறந்து மே மாதத்தோடு முடிந்துவிடும். தோப்பில் பழம் பறித்த குடும்பங்கள் வேறு வேலை தேடிப் பொள்ளாச்சிக்கும் திருப்பூருக்கும் போய்விடும் காலம் அது. அவ்வாறு போன இரண்டு வீட்டுப் பிள்ளைகள் மூவர்; ஜூலையில்தான் திரும்பினார்கள். நான்காவது பிள்ளை எங்கும் போகவில்லை. காலையில் வேன் ஏறிக் கொல்லங்கோட்டுப் பக்கம் உள்ள ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றான். அவன் எம் மூத்த மகன்.

அவ்வாண்டு அப்பிரிவுக்குரிய ஆசிரியர் இடம் நீங்கியது. பதினாறு ஆண்டுகள் அங்குக் கற்பித்த ஆசிரியை வேறு பள்ளிக்குப் போனார். எட்டுப் பிள்ளைகளும் மலையாளப் பிரிவில் அமர்த்தப்பட்டனர். அவர்கள் மலையாளம் கற்றதில் எமக்கு வருத்தமில்லை. இம்மண்ணில் வாழ்பவர் கற்கத்தான் வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை முதல் எழுத்தையே வீட்டில் வழங்காத மொழியில் தொடங்க நேர்ந்தது என்பதுதான் எம் வருத்தம். இதற்கு மானேஜரைக் குறை கூறினோமா? கூறினோம். உபஜில்லா அலுவலகத்துக்கு ஐந்து பேர் சேர்ந்து மனுவும் கொடுத்தோம். அங்கிருந்த எழுத்தர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டி, "இதில் உங்கள் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர், நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்" என்றார். மனுவில் முதல் கையெழுத்து எம்முடையது. எண்ண எமக்கு நா எழவில்லை.

ஆதலின் அத்தாயாருக்கு யாம் கூறும் விடை இது. பள்ளியின் நிலமும் கூரையும் மானேஜருடையவை. ஆசிரியரின் ஊதியம் 1959 முதல் அரசினுடையது. ஆசிரியர் இடம் இருப்பதும் போவதும் ஜூன் மாதத்து ஆறாம் நாள் பதிவேட்டினுடையது. அப்பதிவேட்டில் பெயர் எழுதுவோர் நாம்.

இவ்வாண்டு எம் இளைய மகளைத் தமிழ் வழியில் சேர்க்க இசைந்துள்ளோம். மூத்தவனைப் பற்றி வீட்டில் இன்னும் வாக்குவாதம் முடியவில்லை. அவன் தாயார் ஆங்கிலமே பிழைப்புக்கு வழி என்கிறார். அதற்கு எம்மிடம் முழு விடை இல்லை.

மற்றொரு செய்தி. இப்போது பிள்ளையின் ஆதார் எண்ணைக் கொண்டே தலையெண்ணிக்கை கணக்கிடப்படுகிறது. எண் இல்லாத பிள்ளை பெஞ்சில் அமர்ந்திருந்தாலும் ஆசிரியர் இடக் கணக்கில் வராமற்போகலாம். நம் காலனியில் ஜூனில் முதல் வகுப்புக்குச் செல்லவேண்டிய பிள்ளைகளில் நால்வருக்கு இன்னும் ஆதார் எடுக்கவில்லை என்று சங்கச் செயலாளர் குறித்து வைத்திருக்கிறார். பிறப்புச் சான்றிதழுடன் ஞாயிறு காலை சங்க அறைக்கு வந்தால், விண்ணப்பம் எழுதித்தர யாம் அங்கிருப்போம். தோப்பு வேலை முடிந்து வெளியூர் செல்லும் குடும்பத்தார், செல்லுமுன் பிள்ளையைப் பாட்டி வீட்டிலோ உறவினர் வீட்டிலோ விட்டுச் செல்ல இயலுமா என்பதையும் அன்றே பேசிக்கொள்ளலாம்.